வினிபெக் குளிருக்குக் கிளிநொச்சியில் வாங்கிய ஜக்கெட்: உரோமத்தைப் பார்த்து வாங்குவது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குப் போகும் தாய் தகப்பன்மார் வன்னியில் இப்போது பலர் இருப்பதால், பாவித்த குளிராடைகளை விற்பதற்கும் ஏ9 வீதியோரத்தில் கடைகள் வந்துவிட்டன. கிளிநொச்சி நகரில் உள்ள அப்படியான ஒரு கடையில், தலைமூடியின் விளிம்பில் உரோமம் தைத்த ஆண்களுக்கான நீள ஜக்கெட் ஒன்றை 18,500 ரூபாவுக்கு வாங்கினேன். வினிபெக்கில் மகள் வீட்டில் தங்கியிருந்த குளிர்காலம் முழுவதும் அதைத்தான் போட்டேன். ஊர் திரும்பிய பின்னர் அதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால், ஒருமுறை எழுதிவைப்பது நல்லது என்று படுகிறது. துணி, சிப், உள்ளே அடைத்த வாத்திறகு ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கொடுத்த விலைக்கு அவை குறைவில்லை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த உரோம விளிம்பைப் பற்றியது, ஏனெனில் விலையை ஏற்றிச் சொல்ல இடம் கொடுப்பதும் வாங்குபவர் ஏமாறுவதும் அங்கேதான்.

கடையில் உரோமம் வைத்த ஜக்கெட்டுகள் மூன்று தொங்கின. மூன்றுக்கும் ஒரே விலை. "எல்லாம் ஒறிஜினல் நரித்தோல், சேர். அங்கை புதுசா வாங்கப் போனா ஆயிரம் டொலருக்கு மேலை சொல்லுவாங்கள். கையை வைச்சுப் பாருங்கோ," என்றார் கடைக்காரத் தம்பி. அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பொதியாகக் கட்டி வரும் பழைய உடுப்பை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்கும் ஒருவருக்கு, ஒவ்வொன்றிலும் தைத்திருக்கும் மயிரின் வரலாறு தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் கையை வைத்துப் பார்த்தபோது, மூன்றும் மூன்று விதமாக இருந்தன: ஒன்று பிளாஸ்டிக் இழை; இன்னொன்று உண்மையான தோல்தான், ஆனால் குளிர்கால மயிர் முழுதாக வளரும் பருவம் வருவதற்கு முன்பே பிடிக்கப்பட்ட விலங்கினுடையது; மூன்றாவது பருவம் நிறைந்த தோல். நான் வாங்கியது மூன்றாவதை.

பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். மயிரை இரண்டு விரலால் பிளந்து அடியைப் பார்த்தால், இயற்கையான உரோமத்தில் தோல் தெரியும், செயற்கை உரோமத்தில் துணியின் பின்னல் தெரியும். செயற்கை இழையின் நுனி பெரும்பாலும் வெட்டிவிட்டதுபோல மொட்டையாக நிற்கும். விலங்கின் மயிர் நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். ஐயம் தீராவிட்டால் உதிர்ந்த ஓர் இழையை நெருப்பில் காட்டலாம்: மயிர் என்றால் தலைமயிர் கருகும் மணம் வந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் என்றால் உருகிச் சின்ன மணியாகத் திரளும். கடைக்குள் நெருப்புக்குச்சி உரசுவதைக் கடைக்காரர் விரும்பமாட்டார் என்பதால், பிளந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வேறுபாடுதான் கொஞ்சம் விளக்கவேண்டியது. இரண்டுமே கயோட்டியின் உரோமம். கயோட்டி என்பது நம்முடைய காட்டு நரிக்கு உறவான வட அமெரிக்க விலங்கு. நரியும் நாயும் ஓநாயும் அடங்கிய அதே பேரினம். இத்தகைய விலங்கின் உரோமம் இரண்டு அடுக்குக் கொண்டது. வெளியே தெரியும் நீண்ட, விறைப்பான காவல்மயிர் நீரையும் பனியையும் தள்ளுகிறது, நிறத்தையும் பளபளப்பையும் தருகிறது. அதற்கு அடியில் நெருங்கிக் கிடக்கும் மென்மையான அடிமயிர் காற்றை அசையவிடாமல் பிடித்துவைத்து உடற்சூட்டைக் காக்கிறது. இளவேனிலிலும் கோடையிலும் பழைய மயிர் உதிர்ந்து, கோடையின் பிற்பகுதியிலிருந்து புதியது முளைத்து, குளிர்காலத்தின் வாசலில் இரண்டு அடுக்கும் முழு நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். அந்த வளர்ச்சி முடிந்த சில வாரங்கள்தான் பொறி வைப்பவர்கள் காத்திருக்கும் காலம். அதற்கு முன்னர் பிடித்தால் அடிமயிர் போதாது. பின்னர் பிடித்தால் காவல்மயிர் தேய்ந்துவிட்டிருக்கும்.

வளர்ச்சி முடிந்ததா இல்லையா என்பதை மயிரைவிடத் தோலின் உட்புறம் தெளிவாகச் சொல்லும். மயிர் வளர்ந்துகொண்டிருக்கும்போது அதன் வேரில் நிறமி உண்டாகிக்கொண்டே இருப்பதால், உரித்த தோலின் உட்பக்கம் நீலம் பாய்ந்த கருமையாகத் தெரியும். வளர்ச்சி நின்றதும் நிறமி எல்லாம் மயிருக்குள் ஏறிவிட, வேர் வெளிறி, உட்பக்கம் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மாறிவிடும். கடையில் இரண்டாவது ஜக்கெட்டின் உரோமப் பட்டியைத் தலைமூடியோடு இணைக்கும் பொத்தான் பக்கத்தில் தையல் ஒரு விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியைத் திறந்து பார்த்தேன். பதனிட்ட பிறகும் தோல் சாம்பல் நீலத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. மேலிருந்து பார்க்கும்போது அந்த உரோமம் அழகாகவே இருந்தது, நீளத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயால் ஊதியபோது மயிர் உடனே பிளந்து வெறுந்தோல் தெரிந்தது. மூன்றாவது ஜக்கெட்டில் ஊதியபோது காவல்மயிர் விலகியது. அதன் அடியில் நெருக்கமாக விதைத்த நாற்றுமேடை போல அடிமயிர் மறித்துக்கொண்டு நின்றது, தோலைக் காண விரலால் பிரிக்கவேண்டியிருந்தது. பருவத்தை அறிய, வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய சோதனை இந்த ஒன்றுதான், அதற்குச் செலவும் இல்லை. சாயம் ஏற்றிய உரோமத்தில் தோலின் நிறத்தை நம்பமுடியாது, ஆனால் ஊதிப் பார்ப்பது அங்கேயும் பொய்க்காது.

குளிர் கூடக்கூட மயிர் கூடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். கடைக்காரத் தம்பியும் அப்படித்தான் விளங்கிவைத்திருந்தார். உண்மையில் மயிர் மாற்றத்தைத் தொடக்கிவைப்பது குளிரல்ல, பகலின் நீளம். கோடை நடுவைத் தாண்டிப் பகல் குறையத் தொடங்கும்போது, மூளையில் உள்ள பீனியல் சுரப்பி இரவு நேரத்தில் சுரக்கும் மெலட்டோனின், இரவு நீள நீளக் கூடுதல் நேரம் இரத்தத்தில் இருக்கும். அதன் விளைவாகப் புரோலக்ரின் என்னும் ஓமோன் குறையும். குளிர்கால மயிர் முளைக்க அதுவே சைகை. மிங்க் என்ற கீரியை ஒத்த விலங்கைப் பண்ணைகளில் வளர்ப்பவர்கள், தோலுக்கு அடியில் மெலட்டோனின் வில்லையைச் செலுத்தி, வழமையான காலத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகவே உரோமத்தைப் பருவத்துக்குக் கொண்டுவருவது இந்த உண்மையை வைத்துத்தான். சில வடபுல விலங்குகள் குளிர்காலத்தில் வெள்ளை நிறத்துக்கு மாறுவதும் இதே கணக்கில் நடக்கிறது. பனி பிந்திய ஆண்டிலும் பனிமுயல் தன் நாளுக்கு வெளுத்துவிட்டு, பழுப்பு நிலத்தில் தூரத்திலிருந்தே தெரியும்படி உட்கார்ந்திருக்கும். குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே இனத்தில் வடக்கே வாழ்பவற்றின் உரோமம் தெற்கே வாழ்பவற்றினதைவிட அடர்த்தியாக இருப்பதும், சற்று முன்னதாகவே பருவத்துக்கு வருவதும் பொதுவாகக் காணப்படுவது. நாட்காட்டி பகலின் கையில், அடர்த்தியில் குளிருக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

உயிரியல் படிப்பித்தவன் என்பதால் இதை நம் ஊரோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிளிநொச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகையைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. வினிபெக் ஏறத்தாழ ஐம்பது பாகையில் இருப்பதால், அங்கே மார்கழியில் எட்டு மணித்தியாலத்தை ஒட்டிச் சுருங்கும் பகல், ஆனியில் பதினாறைத் தாண்டிவிடும். இங்கே வரும் குளிர் என்பது மாரி மழைக்குப் பிந்திய தை மாதத்துப் பனி மட்டுமே. வன்னிக் காட்டு நரியின் மேலே உரோமம் மெலிந்து கிடப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. நம் கரடிக்குச் சடை சடையாக நீண்ட மயிர் இருந்தும், கம்பளியாக அடியில் கிடக்கவேண்டிய அடிமயிர் அதற்கு இல்லை. இங்கே சுருக்கும் கட்டுத்துவக்கும் வைப்பவர்கள் இறைச்சிக்காகவே வைக்கிறார்கள். உரோமத்துக்காக எவரும் வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை, வைத்தாலும் பயன் இருந்திராது. அந்தச் சுருக்கும் கட்டுத்துவக்கும் சட்டத்துக்கு மாறானவை என்பதையும், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

மகளின் அயலில் இருந்த முதியவர் ஒருவர் இளமையில் பொறி வைத்துப் பிழைத்தவர். பஸ் தரிப்பில் நின்ற என்னுடைய தலைமூடியை அனுமதி கேட்டுத் தொட்டு, கையுறையைக் கழற்றி, மயிரை எதிர்த்திசையில் தடவி, ஊதிப் பார்த்துவிட்டு, "டிசம்பர் மாதத்து விலங்கு, கிறிஸ்மசுக்கு முன்னர்," என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். காவல்மயிரின் நுனிகளை விரலில் விரித்துக் காட்டினார்: கறுத்த நுனி ஒவ்வொன்றும் நேராக, முறியாமல் நின்றது. மாதம் கடக்கக் கடக்கக் கயோட்டி பற்றைக்குள் நுழைந்தும், உறைந்த பனியில் படுத்தெழும்பியும் இடுப்பிலும் கழுத்திலும் மயிரைத் தேய்த்துவிடும் என்றும், மாசியில் வெயில் பனியில் பட்டுத் தெறிக்கத் தொடங்கியதும் நுனிகள் கருகிச் சுருளத் தொடங்கும் என்றும், அதன் பிறகு பிடிப்பது விலங்கையும் வீணாக்குவது, நேரத்தையும் வீணாக்குவது என்றும் அவர் விளக்கினார். மேற்குச் சமவெளியின் கயோட்டி வெளிர்நிறமாகவும் பட்டாகவும் இருப்பதால் அதற்கே நல்ல விலை, கிழக்கே போகப் போக மயிர் முரடாகும் என்பதும் அவர் சொன்னதுதான்.

எல்லா விலங்குக்கும் ஒரே பருவம் இல்லை. மிங்க் முந்திக்கொள்ளும், நவம்பர் நடுவில் இருந்தே அதன் தோல் தேறிவிடும். நரிகளும் கயோட்டியும் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும். தண்ணீரில் வாழும் கொறிவிலங்குகளான பீவரும் மஸ்கரட்டும் நிதானமானவை: அவற்றின் உரோமம் நடுக்குளிருக்குப் பின்னர்தான் உச்சம் காணும், இளவேனில் வரை நிற்கும்.

ஒரே வாரத்தில், ஒரே காட்டில் பிடித்த இரண்டு கயோட்டிகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. அந்த ஆண்டு பிறந்த குட்டி, வளர்ந்ததைவிடப் பிந்தியே பருவம் காணும், ஏனெனில் தின்றதில் பெரும்பங்கு உடம்பை வளர்ப்பதற்கே போய்விடும். மயிர் என்பது முழுக்கப் புரதம். இலையுதிர் காலத்தில் எலியும் முயலும் குறைந்திருந்தால் உரோமம் மங்கி, உயிரில்லாமல் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய நாசம் சொறி. நம் சந்தைகளில் மயிர் உதிர்ந்து தோல் தடித்துத் திரியும் நாய்களுக்கு அந்த நோயைக் கொடுக்கும் அதே சொறியுண்ணிதான் கயோட்டிக்கும் வருகிறது. வந்த விலங்கின் தோலுக்குச் சந்தையில் விலை இல்லை. இறுதியாக, பிடித்தவரின் கையும் உண்டு. உரித்த தோலை உடனே ஆறவிட்டு, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் தசையையும் சுரண்டி, பலகையில் இழுத்துக் காயவிடாமல் குவித்துவைத்தால், பக்டீரியா வேரைத் தின்று, பதனிட்ட பின்னர் மயிர் பிடி பிடியாகக் கழரும். முதலில் கழருவது வயிற்றுப் பக்கம். கடையில் உரோமத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மயிர் வந்தால் பரவாயில்லை, கொத்தாக வந்தால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்து வாங்கிய உரோமம் வேலை செய்ததா? செய்தது. பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகையில், போர்ட்டேஜ் வீதியும் மெயின் வீதியும் சந்திக்கும் அந்தப் பேர்பெற்ற சந்தியில், காற்று நாலாபக்கமும் இருந்து வரும்போது தலைமூடியை முன்னுக்கு இழுத்துவிட்டு நடந்தேன். உரோமத்தின் நீளம் ஒரே அளவாக இல்லாததால் வந்த காற்று அதில் சிதறி, முகத்துக்கு முன்னால் அசையாத காற்று ஒரு வளையமாக நிற்கிறது. மூக்கும் கன்னமும் விறைக்கவில்லை. மூச்சின் ஈரம் மயிர் நுனியில் வெண்பனியாகப் படிந்தது, வீட்டு வாசலில் ஓர் உதறு உதறியதும் கொட்டியது. மருமகனின் ஜக்கெட்டில் செயற்கை உரோமம். அதில் படிந்த பனி உருகி, திரும்ப உறைந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சிகளாகிவிட்டன. அதற்காக அவர் குளிரில் விறைத்தார் என்று சொல்லமாட்டேன்; கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அவரும் என்னோடு சமமாகவே நடந்தார். நகரத்துக்குள் காரில் போய் வருபவருக்கு உரோமமே தேவையில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்குத்தான் தேவை.

பொறியில் பிடித்த விலங்கின் தோலைப் போடலாமா என்று மகள் கேட்டாள். அது நியாயமான கேள்வி. பொறிகளின் கொடுமையைக் குறைக்கவென்று கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் 1997இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்குப் பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. கயோட்டி விளிம்பைப் புகழுக்குக் கொண்டுவந்த, குளிராடை செய்யும் கனடா கூஸ் நிறுவனமே 2021இல் உரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே இனிமேல் பொதிகளில் வரும் கயோட்டி உரோமம் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். ஏற்கெனவே ஒருவர் போட்டுக் கழித்ததை வாங்குவதால் புதிதாகப் பொறி ஒன்றும் வைக்கப்படப் போவதில்லை என்பது என்னுடைய கணக்கு. மகள் அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

வன்னிக்குக் கொண்டுவந்த பின்னர் இதைப் பராமரிப்பது வேறொரு வேலை. நம் கோடை வெக்கை தோலின் எண்ணெயை உலர்த்தி வெடிக்கச் செய்யும். கார்த்திகை, மார்கழி மழைக்காலம் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். மயிரைத் தின்னும் சிறு வண்டுகளுக்கு இரண்டு காலமும் ஒன்றுதான். உரோமப் பட்டியைக் கழற்றி, பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப்படும் அலுமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். அந்துருண்டையை மயிரில் நேரே படவிடாமல் துணிமுடிச்சில் கட்டித் தூக்கவேண்டும். வோஷிங் மெசினுக்குள் ஜக்கெட்டைப் போடலாம், பட்டியைப் போடக்கூடாது. ஒருமுறை ஊறினால் தோல் விறைத்துச் சுருங்கி, பிறகு எதற்கும் உதவாது. இஸ்திரிப்பெட்டியையும் கிட்டக் கொண்டுபோகவேண்டாம்.

கடையைப் பற்றிச் சொல்வதென்றால், உடுப்புகளைப் போட்டுப் பார்க்க விடுகிறார்கள், அவசரப்படுத்துவதில்லை, கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் உண்டு. அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால்தான் தருகிறார்கள், ஆகவே கேட்டு வாங்குங்கள். குறை ஒன்றுதான்: பிளாஸ்டிக்குக்கும் பருவம் தப்பிய தோலுக்கும் பருவம் நிறைந்த தோலுக்கும் ஒரே விலை. தெரிந்து வாங்குபவருக்கு அது இலாபம், தெரியாதவருக்கு நட்டம். கையெழுத்துப் போட்ட பற்றுச்சீட்டைத் தந்தபோது, ஊதிப் பார்க்கும் முறையைத் தம்பிக்குக் காட்டினேன். அவர் மற்ற இரண்டையும் எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, "அப்ப இதை விலை குறைச்சுத்தான் குடுக்கவேணும், என்ன சேர்?" என்று கேட்டார். நீல உட்புறம் கொண்டதை 12,000 ரூபாவுக்கும், பிளாஸ்டிக்கை அதன் பாதிக்கும் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அங்கே போகிறவர்கள் அந்த விலையிலிருந்து பேரம் பேசலாம்.